பாதரசத்துக்குக் கிடைத்த கை

எங்கள் தெருத் தையற்காரம்மாவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் வைத்த பெயர் பாதரசம். உள்ளங்கையில் விட்டால் நிற்காது என்பதால் வைத்தார். பிறந்த அன்றே தொட்டிலிலிருந்து இறங்கிப் போய்விட்டவள் அவள். நம்ப முடியாதவர்கள் மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது நடப்பாள், படிக்கும்போது நடப்பாள். தூக்கத்தில் மட்டும் படுத்திருப்பாள், அப்போதும் வலது கால் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நர்சிங் கல்லூரியில் அவள் படித்து முடித்ததும் வராந்தாத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள். முழு வராந்தா என்று சொன்னால் சண்டைக்கு வருவாள். ஒரு மூலை என்றே சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடிந்ததும் இரண்டு இடங்களில் அவளைக் கூப்பிட்டார்கள். ஒன்று பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு. இன்னொன்று டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன டயாலிசிஸ் நிலையம். சிறுநீரகம் கைவிட்டுப்போனவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே அனுப்பும் இடம். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: ஒரு வாரம் வந்து வேலை செய்து பார், பிடித்தால் சேர்ந்துகொள். சேர்ந்தால் அசல் சான்றிதழ்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு அசைய முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்கள்: "ரெண்டு வாரம் டைம், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லன்னா உனக்குப் பின்னாடி நிக்கிற பொண்ணுக்குப் போயிடும்."

ஒரு பாட்டுக்கு நடுவில் வேறு பாட்டுக்கு மாறுகிற பெண்ணை இரண்டு வருடம் பூட்டி வைக்கிற முடிவு அது. வீட்டில் எல்லாருக்கும் பதில் தெரிந்திருந்தது, அவளைத் தவிர.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா, தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே. "அது பெரிய ஆஸ்பத்திரி. இது டயர்க் கடை."

"டயர்க் கடைக்கு மேல, அம்மா."

"மேலயோ கீழயோ, விலாசம் கேட்டா டயர்க் கடைன்னுதானே சொல்லணும்?"

செல்போன் பழுதுபார்க்கும் அண்ணன் வாயில் திருப்புளியை வைத்துக்கொண்டு தன் பங்குக்குச் சொன்னான்: "பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் மா இவ லாயக்கு. ஐசியூவுல எல்லாரும் ஓடிக்கிட்டே இருப்பாங்க. டயாலிசிஸ்ல ஒரு ஆளு நாலு மணி நேரம் உக்காந்திருப்பாரு. இவ நாலு நிமிஷம் உக்காருவாளா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. முதல் வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் பாதரசம் ஓடின ஓட்டத்தைப் பார்த்து அங்கிருந்த பெரிய சிஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாராம். அந்த அம்மாள் யாரையும் பாராட்டி இருபது வருடமாகிறது. அவர் சொன்னது, "பரவாயில்ல, கால் இருக்கு" என்பது மட்டும். மற்ற நர்சுகள் அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டார்கள்.

ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே ஒரு திரை. ஒவ்வொரு திரைக்கும் ஒரு சத்தம். மூச்சு குறைந்தால் ஒன்று, மருந்து தீர்ந்தால் ஒன்று, சும்மா ஒயர் நழுவினால் இன்னொன்று. மூன்றாம் நாளே எது நிஜம், எது ஒயர் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்தங்கள் வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தன. குளித்துக்கொண்டிருந்தவள் அம்மாவின் தையல் சத்தம் சட்டென்று நின்றதும், சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாச்சு? ஏன் நின்னுடுச்சு?"

"நூல் அறுந்துடுச்சுடி. போய் முகத்தைக் கழுவு."

ஓடுவது அவளுக்குப் பிடித்தது. ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. காலையில் போனால், முந்தின நாள் படுக்கையில் இருந்தவர் இருக்க மாட்டார்.

"நேத்து இங்க இருந்த அம்மா எங்க சிஸ்டர்?"

"வார்டுக்கு மாத்தியாச்சு."

"நல்லா இருக்காங்களா?"

"அத வார்டுல கேக்கணும்."

அவள் நிஜமாகவே போய்க் கேட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மூன்று மாடி ஏறி வார்டுக்குப் போனால், அந்த அம்மாள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்துக்குப் போனால், மகன் வந்து அழைத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டினியாகத் திரும்பி வந்தவளைப் பெரிய சிஸ்டர் வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ நர்ஸா, இல்ல அவங்களுக்குச் சொந்தமா?"

"நர்ஸ் சிஸ்டர்."

"அப்ப உன் வேலை அவங்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடறது. கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாக்காத. பாக்க ஆரம்பிச்சா இந்த வேலை உன்னால முடியாது."

பெரிய சிஸ்டர் கெட்டவரில்லை. இருபது வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்ததால்தான் அவரால் இருபது வருடம் அங்கே இருக்க முடிந்தது. பாதரசத்துக்கும் அது புரிந்தது. புரிந்துவிட்டால் முள் குத்தாமலா போகும்?

அடுத்த வாரம் டயர்க் கடை மாடிப்படி ஏறினாள். ஒரு நீள அறை, சுவர் ஓரமாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலமாரி உயர இயந்திரம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே ரத்தம் சுற்றும் சத்தம். வாரத்துக்கு மூன்று முறை அதே ஆட்கள், அதே நாற்காலி, வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே தலையணை. ஜன்னலோர நாற்காலிக்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள். ஒரு குடும்பத்தில் நடக்கிற எல்லாமே அங்கே நடந்தது, சொத்துத் தகராறைத் தவிர.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் கையில் இரண்டு ரத்த நாளங்களை அறுவை செய்து சேர்த்திருப்பார்கள். தோலின் மேல் விரல் வைத்தால் உள்ளே ஒரு தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி ரீங்காரம் கேட்கும், விரலுக்கு. அந்த நாளத்தில்தான் ஒவ்வொரு முறையும் தடிமனான இரண்டு ஊசிகளைப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் கை வீங்கும், நாளமே கெட்டுப்போனாலும் போகும். அதனால் யார் ஊசி போடுவது என்று நோயாளிதான் சொல்வார்.

நிலையத்துக்குப் பொறுப்பாளரான மூத்த நர்சை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்க நாம கை எடுக்கறதில்ல பாப்பா. அவங்க கொடுப்பாங்க. கொடுக்கற வரைக்கும் சும்மா இருக்கப் பழகு."

சும்மா இருப்பதா! பாதரசம் அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அளந்தாள். தலையணையை நிமிர்த்தினாள், போர்வையை இழுத்துவிட்டாள், நிமிர்த்தின தலையணையை மறுபடி நிமிர்த்தினாள்.

"யம்மா தாயே, ஒரு இடத்துல உக்காரு" என்றார் மளிகைக் கடைக்காரர். "உன்னைப் பாத்தே எனக்குப் பிரஷர் ஏறுது. டாக்டர் வந்தா உன் பேரைச் சொல்லிடுவேன்."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். டீச்சரம்மா என்றால் அந்த அறையே முதுகை நிமிர்த்திக்கொள்ளும். அவர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "என்கிட்ட நல்ல கை இது ஒண்ணுதான் மிச்சம். இதைப் பரீட்சைத் தாளா நினைச்சு வராதே."

கடைசியில் கண்டக்டரிடம் போனாள். ஆயுள் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் டயாலிசிஸுக்கு வருவார், கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி. அவர் கையை நீட்டவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. என் கையிலதான் கத்துக்கிட்டா. நல்லாக் கத்துக்கிட்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அதுக்கு முந்தி வந்தவளும் அப்படித்தான். ரெண்டு வருஷ பாண்டை உடைச்சு, அதுக்குப் பணத்தைக் கட்டிட்டுப் போயிடறாங்க. என் கை என்ன டிரைவிங் ஸ்கூல் வண்டியா? முதுகுல எல் போர்டு மாட்டிக்கட்டுமா?"

"இல்ல சார்..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ இருப்பியா, போயிடுவியா?"

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே புலம்பினாள். "ஊசி போட்டுப் பாத்தாதானே இந்த வேலை எனக்கு ஒத்துவருமான்னு தெரியும்? அவரு, நீ இருப்பேன்னு சொன்னாதான் கை கொடுப்பேங்கறாரு. நான் கை கிடைச்சாதான் இருப்பேனான்னு சொல்ல முடியும்!"

"பொண்ணு பாக்க வந்த கதையால்ல இருக்கு" என்றான் அண்ணன். "பேசாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க எல்லாரும் மயக்கத்துல இருப்பாங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"நீ முடிவு பண்றதுக்குள்ள நான் இந்த ஊருக்கே சட்டை தச்சுப் போட்டுடுவேன்" என்றாள் அம்மா.

மறுமுறை கண்டக்டர் வந்தபோது, அவர் உட்கார்ந்து முடிப்பதற்குள் பாதரசம் போய் நின்றாள். "இருப்பேன் சார்" என்றாள்.

பொய். நாக்கு நுனியில் காத்திருந்தது போல வழுக்கி வந்த பொய்.

அவர் கையிலிருந்த பேப்பரை ஓரமாக வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார். அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பாதரசம் படிக்கும்போதே ஒரு மாதம் இந்த வேலையைப் பழகியிருந்தாள். விரலால் அந்த ரீங்காரத்தைத் தேடி, அதன் போக்கைத் தடவி, ஊசியைச் சாய்த்து உள்ளே விட்டாள். முதல் ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரண்டாவதும் போனது.

"ம்" என்றார் கண்டக்டர்.

வேடிக்கை முடிவில்தான். ரத்தம் கழுவி முடித்து ஊசியை எடுத்தபின், அந்தத் துளையைப் பஞ்சு வைத்து இரண்டு விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சினிமாப் பாட்டு இரண்டு மூன்று பாடி முடிக்கும் நேரம். அழுத்தமும் மாறக் கூடாது, எடுத்தும் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடைய ஆரம்பித்தது திறந்துகொள்ளும், மறுபடி முதலிலிருந்து. வேலையில் கைதேர்ந்த நர்சுகளே இந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள். பாதரசத்துக்கு? ரத்தம் நின்றிருக்குமா, நின்றிருக்காதா என்று விரலுக்கு அடியில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எப்படி இருப்பாள்? பஞ்சின் ஓரத்தைத் துளி, துளியே துளி, தூக்கிப் பார்த்தாள்.

பீய்ச்சியது பாருங்கள்! சீலிங் ஃபேன் வரைக்கும் போய், ஃபேன் அதைச் சுற்றி எறிந்து, கீழே டயர்க் கடைக்காரர் தலையிலும் இரண்டு சொட்டு விழுந்ததாக எனக்குத் தகவல். கண்டக்டரின் வெள்ளைச் சட்டை மட்டும்தான் என்று அக்கா சொல்கிறார். அக்காவுக்குக் கதை சொல்லத் தெரியாது.

"எட்டிப் பாத்தியா?" என்றார் அக்கா, தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டு.

"பாத்தேன் அக்கா."

"எல்லாரும் ஒரு தடவை பாப்பாங்க."

கண்டக்டர் சட்டையைக் குனிந்து பார்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னார்: "சட்டை போனா போகுது. இருக்கப் போற பொண்ணுதானே, கத்துக்கட்டும்."

அதோடு விட்டாரா? அறை முழுக்கக் கேட்கும்படி, பஸ்ஸில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில், "இது நம்ம பொண்ணு. இங்கதான் இருக்கப் போவுது" என்று சொல்லிவிட்டார். மறுநாள் மளிகைக் கடைக்காரர் கையைக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் ஜன்னலோரச் சண்டைக்காரர்களில் ஒருவர் கொடுத்தார். அவர் கொடுத்ததால் மற்றவரும் கொடுத்தார். அவள் சொன்ன ஒரு பொய்யை நம்பி ஒவ்வொரு கையாகத் தலையணை மேல் வந்து விழுந்தது. கை கிடைக்கக் கிடைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் நடந்த நடையில் அம்மாவின் நூல் கண்டுகள் அலமாரியிலிருந்து குதித்தன. பெரிய ஆஸ்பத்திரியின் ஓட்டமும் கண்ணுக்குள்ளேயே நின்றது. அங்கே போனால் இந்த முகங்கள் துரத்தும். இங்கே இருந்தால் அந்தச் சத்தங்கள் கூப்பிடும்.

சனிக்கிழமை மத்தியானம் பெரிய சிஸ்டரே போன் செய்தார். "சாயங்காலம் சர்ட்டிபிகேட்டோட வந்துடு. உன் பேரை எழுதி வச்சுட்டேன்." பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

அன்று கண்டக்டரின் நாள். அவர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட நினைத்தாள், அவர் பேப்பர் படித்தார். நடுவில் சொல்ல நினைத்தாள், அவர் தூங்கினார். ஒரு ஊசியை எடுத்து, துளையை அமுக்கிப் பிடித்தபோதுதான் வாய் திறந்தது. விட்டுவிட்டு அவளும் ஓட முடியாது. இன்னொரு ஊசி கையில் இருக்க அவரும் எழுந்து போக முடியாது.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லேன். நான் எங்க ஓடப் போறேன்?"

"இருப்பேன்னு சொன்னது பொய்."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. குரல் மட்டும் மாறியது. "சொல்லும்போதே பொய்யா, இல்ல அப்புறம் பொய்யாச்சா?"

"சொல்லும்போதே. அப்ப எனக்குத் தெரியாது சார். இப்பவும் தெரியல. பெரிய ஆஸ்பத்திரியில இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்றாங்க."

"கைய எடு."

"இன்னும் நேரமாகல சார்."

"எடுன்னு சொல்றேன்ல."

"எடுத்தா சட்டை போயிடும் சார். புதுச் சட்டை மாதிரி இருக்கு."

கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தாள். கீழே யாரோ டயரைச் சுத்தியலால் அடித்தார்கள். அவளுடைய வலது கால் தரையைத் தட்டத் தொடங்கியது.

"அந்தக் காலை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அடுத்த நாற்காலி டீச்சரம்மா. "என் பல் செட்டு ஆடுது."

கால் நின்றது. கால் நின்றால் வாய் ஓட வேண்டும், அதுதான் அவள் அமைப்பு. எதையாவது பேசினால் போதும் என்று பேசினாள். "திங்கக்கிழமை கீழ் ஊசி இந்த இடத்துல வேணாம் சார். இங்கயே ரெண்டு தடவை ஆயிடுச்சு, தோல் தளந்து போயிடும். ஒரு விரல் மேல போகணும். ஆனா அங்க நாளம் லேசா உள்பக்கம் திரும்புது. நேரா விட்டா சுவர்ல முட்டும். கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு, மெதுவா, நான் அன்னைக்கே தடவிப் பாத்து வச்சிருக்கேன், அந்த வளைவு முடியற இடத்துல நான்..."

"யாரு?" என்றார் கண்டக்டர்.

அவள் நிறுத்தினாள்.

"திங்கக்கிழமை யாரு சாய்ச்சுப் பிடிக்கறது? பெரிய ஆஸ்பத்திரியில இருந்து கைய நீட்டி எனக்கு ஊசி போடப் போறியா? அவ்வளவு நீளமா உன் கை?"

டீச்சரம்மா மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். சிரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பாதரசத்தின் காது சிவந்தது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் முழுக்க ஓடினாளே, ஒரு ஆளுடைய திங்கட்கிழமையைப் பற்றி ஒரு தடவை நினைத்திருப்பாளா? நினைக்க அங்கே வழியில்லை, கதவு வந்துவிடும். இங்கேயோ மளிகைக் கடைக்காரருக்கு அடுத்த வாரம் எந்த இடம், ஜன்னலோரக்காரருக்கு எது கூடாது என்று அவள் ஏற்கெனவே மனசுக்குள் குறித்து வைத்திருந்தாள். எப்போது குறித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடந்துகொண்டிருந்தபோதுதான் இருக்க வேண்டும்.

"இருக்கேன் சார்" என்றாள்.

"மறுபடியுமா?"

"இது பொய்யில்ல. ஆனா ரெண்டு வருஷம். பணம் கட்டிட்டு ஓட மாட்டேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் தெரியாது. அதுக்கு மேல கேக்காதீங்க, கேட்டா மறுபடியும் பொய் சொல்லிடுவேன்."

கண்டக்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். "போனவளுங்க எல்லாம் எப்பவும் இருப்பேன் சார், எப்பவும் இருப்பேன் சார்னாளுங்க. பஸ்ல ஏறறவங்க எங்க இறங்குவேன்னு சொன்னா நமக்குப் போதும். கடைசி ஸ்டாப்புன்னு டிக்கெட் வாங்கிட்டு நடு ரோட்டுல குதிக்கறவங்கதான் வம்பு." பிறகு லேசான குரலில், "ரெண்டு வருஷத்துல நான் எங்க இறங்குவேனோ" என்றார்.

"பேசாதீங்க சார், கை ஆடுது" என்றாள். அவரும் பேசவில்லை. அவள் எட்டிப் பார்க்கவும் இல்லை.

வேலை முடிந்து மாடிப்படியில் நின்று பெரிய சிஸ்டருக்குப் போன் செய்தாள். கீழே காற்றடிக்கிற சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"வரலையா? காரணம்?"

"இங்க ஒருத்தருக்குத் திங்கக்கிழமை ஊசி ஒரு விரல் மேல போடணும் சிஸ்டர்."

"அத அங்க வேற யாரும் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. நான் பாக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு படுக்கையின் திரை கத்தியது. "கால் வீணாப் போகுது" என்றார் பெரிய சிஸ்டர். அவர் அகராதியில் அது பெரிய வருத்தம்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. தையல் இயந்திரத்தை மட்டும் கோபமாக மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாதரசம் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு நடை, இல்லை சரிதான் என்று ஒரு நடை. தப்பு என்கிற நடைதான் எண்ணிக்கையில் அதிகம்.

திங்கட்கிழமை சான்றிதழ்களை அக்காவிடம் கொடுத்தாள். அலமாரிச் சாவி திரும்பியதும் அறையை ஒரு முறை அளந்துவிட்டு வந்தாள். கண்டக்டர் சட்டைக் கையை மடித்தார். ஒரு விரல் மேலே, வளைவு முடிகிற இடத்தில், சாய்த்துப் பிடித்து விட்டாள். போனது. அவர் "ம்" கூடச் சொல்லாமல் பேப்பரைப் பிரித்தார்.

அடுத்த நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரம்மா கேட்டார்: "ரெண்டு வருஷமாமே?"

"ஆமா டீச்சர்." பாதரசத்தின் பார்வை அந்த மூடிய சட்டைக் கைமேல் போய் உட்கார்ந்தது.

"முதல் வருஷம் முடியட்டும். அப்புறம் பேசலாம்."

"ஆறு மாசம் டீச்சர்?"

"நட" என்றார் டீச்சரம்மா. "உனக்குத்தான் அது பிடிக்குமே."